வந்து விழும் மெசேஜுக்கும் காசாம்

மண்ணூர்பேட்டை,
14.9.2009

அன்பு மகள் நிஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று கடிதம் எழுதுகிற எல்லோரும்தான் கேட்கிறார்கள், பதில் வரும் என்று யாரும் காத்திருப்பதில்லை. நான் இந்தத் தடவை பதில் வேண்டிக் கேட்கிறேன். நீ நலமா? இதை நான் தபாலில் போடவில்லை. போட்டால் உங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் விழும், அந்தப் பெட்டியின் சாவி மாப்பிள்ளையிடம் இருக்கிறது என்று நீயே ஒரு தடவை பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அதனால் சபீனாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். பஸ் ஸ்டாப்பில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற யூசுப் பாயின் மகளை நீ மறந்திருக்க மாட்டாய், பத்தாவது வரைக்கும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, வீட்டுக்கு வந்து என்னிடம் திட்டு வாங்கினவர்கள்தானே. அவளுடைய வீட்டுக்காரருக்கு உங்கள் ஊரிலேயே வேலையாம், வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள். உன்னைப் பார்க்க வந்து, தோது பார்த்து இதைக் கொடுப்பாள். வாங்கியதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படி. பாதியில் நிறுத்தாதே, கடைசி வரைக்கும் படி.

நடந்தது எல்லாவற்றையும் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். ஆடி மாதம் நம் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள் அல்லவா, இந்த வருடம் விழாக் கமிட்டியைப் பிடித்தது கம்ப்யூட்டர் கடை கலியமூர்த்தி. அவர் சும்மா இருப்பாரா, உபயம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கம்ப்யூட்டரிலிருந்தே மெசேஜ் போகும் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். உன் நைனா கூழ் உபயத்தை உன் பேரில் எழுதி, நம்பர் கேட்டதும் உன் அமெரிக்கா நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார். என் பெண்ணுக்கு அம்மன் செய்தி அங்கேயே போய்விடும் என்று அவருக்கு ஒரே பெருமை. காப்பு கட்டினால் ஒரு மெசேஜ், பால்குடம் கிளம்பினால் ஒன்று, கூழ் வார்த்தால் ஒன்று, மறுநாள் நன்றி சொல்லி ஒன்று. எல்லாம் தமிழ் எழுத்தில். ஒவ்வொன்றும் நீளமாக இருப்பதால் உன் போனுக்கு நாலைந்து துண்டாக உடைந்து வந்ததாம், வந்ததும் எழுத்தாக வரவில்லையாம், வெறும் கட்டம் கட்டமாக வந்ததாம். அதுவும் நம் பகல் உங்களுக்கு நடுராத்திரி. இது போக உன் நைனா தினம் காலையில் லேத் பட்டறைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று, சாப்பிட்டியா கண்ணு, குளிருதா கண்ணு என்று ஒன்று தட்டிவிடுவார். அனுப்புகிற காசு நம்முடையது, வாங்குகிறவளுக்கு என்ன என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

ஆடி முடிந்த ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் சுசீலா முகப்பேரிலிருந்து ஆட்டோ பிடித்து நம் வீட்டுக்கு வந்தார். பெண் பார்க்க வந்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்குக்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். நான் பதறிப் போய் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, உட்காரக்கூட இல்லை, சம்பந்தி தப்பா எடுத்துக்காதீங்க, அமெரிக்காவுல மெசேஜ் அனுப்பினாலும் காசு, வந்தாலும் காசு, போன மாசம் பில்லைப் பார்த்துட்டு சரண் ரொம்ப வருத்தப்படறான், இனிமே நிஷா நம்பருக்கு எதுவும் அனுப்பாதீங்க என்றார். உன் நைனா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். இன்னாம்மா சொல்றீங்கோ, வந்து வியுற மெசேஜுக்கு இன்னாத்துக்குக் காசு, தபால்காரன் லெட்டரைக் குடுத்துட்டு நம்ம கைல துட்டு கேப்பானா என்றார். உன் மாமியார் சிரிக்கவில்லை. அங்க அப்படித்தாங்க என்று மட்டும் சொன்னார். சிரித்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் உன் நைனா நின்றார்.

அவர் போனதும் உன் நைனாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. முன்னே பட்டறை முதலாளி கொடுத்த செல்போனில் கூப்பிடுகிறவனுக்கும் காசு, எடுக்கிறவனுக்கும் காசு, யார் என்று பார்த்துக் கட் பண்ணிவிட்டு பூத்துக்கு ஓடுவார்களாம். நம்ம ஊர்லயும் இருந்ததுதானே, எனக்கு புத்தி எங்க போச்சு, மாப்பிள்ளைகிட்ட அசிங்கமா பூட்ச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உடனே கலியமூர்த்தியிடம் போய் உன் நம்பரை எடுக்கச் சொன்னார். சாமி காரியத்துல பேரைக் குடுத்துட்டு எடுக்கச் சொல்றியே வேம்புலி என்று அவர் இழுத்திருக்கிறார். எம்பொண்ணு ஊட்ல சண்டை வந்துகினு கீது, எடுத்துடு அண்ணாத்தே என்று இவர் கெஞ்சிவிட்டு வந்தார். அன்றிலிருந்து காலையில் அவர் கை செல்போனுக்குப் போகும், பிறகு சட்டைப்பைக்குள் திரும்பிவிடும். தப்பு நம் மேல் என்று முடிவு கட்டிவிட்டதால் வேறு எதையும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. மருமகன் நாலு காசு சிக்கனம் பார்க்கிறான், பார்க்கட்டும், நம் பெண்ணுக்குத்தானே சேர்க்கிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் மெசேஜை நாங்கள் நிறுத்திய பிறகு உன் போனும் நின்றது நிஷா. ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறவள் நீ. நாங்கள் கூப்பிட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். தூங்கறா அத்தை, குளிக்கறா அத்தை, தலைவலி அத்தை. கடைசியில் ஒரு நாள் நீ பேசினாய். நல்லா இருக்கேன் அம்மா, நீங்க ரெண்டு பேரும் சௌக்கியமா என்று கேட்டாய். நீ பிறந்ததிலிருந்து சௌக்கியம் என்ற வார்த்தையை உன் வாயால் நான் கேட்டதில்லை. இந்த வீட்டில் என்னைப் பார்த்து இன்னாம்மா என்று கத்துவாயே தவிர என்றைக்கு நீங்க என்று சொல்லியிருக்கிறாய்? மதியத்துக்கு என்ன சமைத்தாய் என்று நான் கேட்டதற்கு நீ பேசாமல் இருந்தாய், சாம்பார் வச்சா அத்தை என்று மாப்பிள்ளையின் குரல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போனை வைத்ததும் உன் நைனாவிடம் சொன்னேன், இது என் பெண் பேசுகிற பேச்சு இல்லை என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. புது ஊருக்குப் பூட்டா, பெரிய மன்சங்க மாதிரி பேசக் கத்துக்கினு கீறா, அதுல இன்னா தப்பு கண்டுபுட்ச்சிட்ட, துணிக் கம்பெனில குத்தம் கண்டுபுடிக்கிற புத்திய ஊட்ல காட்டாத என்றார். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கர்தான், இருபது வருடமாகத் தைத்த துணியைப் புரட்டிப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். எங்கே தையல் விட்டிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். அன்றைக்கு அவரோடு சண்டை போடாமல் வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் சபீனா சொல்லிக்கொண்டு போக வந்தாள். உன் நம்பரைக் கேட்டாள். நான் மெசேஜ் மட்டும் அனுப்பாதேம்மா, வந்தாலும் அங்கே காசு என்றேன். அவள் சிரித்தாள். இதுக்கா ஆன்ட்டி கவலைப்படறீங்க, எங்க வீட்டுக்காரர் என் நம்பருக்கு ஒரு பேக் போட்டுட்டார், மாசம் இவ்ளோன்னு கட்டிட்டா எத்தனை மெசேஜ் வந்தாலும் போனாலும் ஒண்ணுதான், அங்க எல்லாரும் அதான் வச்சிருக்காங்க என்றாள். உன் நைனா முகத்தைப் பார்க்க வேண்டுமே, கோயில் பிரசாதம் கிடைத்த மாதிரி எழுந்து நின்றார். அந்தப் பணத்தை மாசா மாசம் நானே கட்டறேன் என்று அப்போதே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளே, அந்தப் பேக்க போட்டுடுங்கோ, துட்டு நம்மளுது, உங்களுக்கு ஒரு காசு செலவு வராது, எம்பொண்ணுக்குக் காலைல ஒரு மெசேஜ் போட்டாத்தான் எனக்கு வேலையே ஓடுது என்று ஒரே மூச்சில் சொன்னார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். மாப்பிள்ளை கொஞ்சம்கூடக் குரலை உயர்த்தவில்லை. காசு ஒரு விஷயமே இல்ல மாமா என்றார். தினமும் ஊரு ஞாபகம் வந்துட்டே இருந்தா அவ இங்க செட் ஆக மாட்டா, கொஞ்ச நாள் விட்டுடுங்க, பேச வேண்டியதை என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன் என்றார். அதன் பிறகு லைன் போய்விட்டது.

உன் நைனா போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். காசு விசயம் இல்லயாம் கன்னிம்மா என்றார். சபீனா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். காசுதான் காரணம் என்று எங்கள் வீட்டு வாசலில் வந்து சொன்னார்களே நிஷா, அதை நம்பித்தானே வாயில்லாமல் கிடந்தோம். காசை நாங்கள் தருகிறோம் என்றதும் காசு காரணம் இல்லை என்றால், அப்புறம் எது காரணம்? பயமாக இருக்கிறது, உனக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது. கம்பெனியில் நல்ல பீஸைக் கிழிசல் என்று ஒதுக்கிப் போட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

யார் எது சொன்னாலும் நேரில் கேட்டுவிடுவது என்று சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு முகப்பேருக்கு பஸ் ஏறினேன். உன் நைனாவிடம் சொல்லவில்லை. உன் மாமியார் காபி போட்டுக் கொடுத்தார், நன்றாகத்தான் பேசினார். நான் சுற்றி வளைக்கவில்லை. சம்பந்தி, என் பெண்ணை உங்கள் பிள்ளை ஏன் எங்களோடு பேச விடுவதில்லை என்று கேட்டேன். அவர் காபி டம்ளரையே பார்த்தார். அவன் கெட்டவன் இல்லைங்க என்றார். அப்புறம், அவங்க அப்பாவும் இப்படித்தான், கல்யாணமாகி வந்த புதுசுல எங்க அம்மா போடற கார்டை எல்லாம் அவரே படிச்சிட்டு வச்சுக்குவார், எனக்கு விஷயத்தை மட்டும் சொல்லுவார், எனக்கும் ஆரம்பத்துல அழுகையா வரும், அப்புறம் பழகிடுச்சு, நிஷாவும் பழகிடுவா என்றார். சொல்லிவிட்டு அவரே பயந்து போனார். நான் சொன்னதா சரண்கிட்ட சொல்லிடாதீங்க என்று மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே வந்து சொன்னார். அறுபது வயதில் பெற்ற பிள்ளைக்குப் பயப்படுகிறாரே என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. ஆனால் பழகிடுவா என்று சொன்னாரே, அதை மட்டும் என்னால் முழுங்க முடியவில்லை. இதற்குப் பழகுவதற்காகவா உன்னைப் பெற்றேன்? பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் இருந்தவள் என்னம்மா ஆஸ்பத்திரியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் மாப்பிள்ளைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் இப்போது நேராக உன்னையே கேட்கிறேன், பெற்றவளிடம் வெட்கப்படாதே. மாப்பிள்ளை உன்மேல் கை வைக்கிறாரா? நீ தனியாகக் கடைக்குப் போக முடிகிறதா? உன் கையில் செலவுக்கு ஏதாவது இருக்கிறதா? உன் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது? தெரியாவிட்டால் தேடப்போய் சண்டை வாங்காதே, எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள். இந்தக் கேள்வி எல்லாம் படித்து உனக்குச் சிரிப்பு வந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. அம்மாவுக்குப் புத்தி கெட்டுப் போச்சு, அவர் வேலை டென்ஷனில் இருக்கிறார், எனக்குத்தான் பேசப் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். மாப்பிள்ளையைப் பற்றித் தப்பாக நினைத்ததற்கு அவர் இங்கே வரும்போது என் கையால் வஞ்சிரம் வறுத்துப் போடுகிறேன். ஆனால் அதை நீ சொல்ல வேண்டும். உன் பேச்சில் சொல்ல வேண்டும். உனக்காக அவர் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

எப்படிச் சொல்வது என்றால், சபீனா உன்னை அவள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவாள். போ. தனியாகப் போனால் அவள் போனிலிருந்து எனக்குப் பேசு, அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை கூடவே வந்து, நீ இங்கே வர நினைத்தால், காய் நறுக்குகிற சாக்கில் அடுப்படிக்குப் போய் அவள் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடு. மிஸ்டு கால் கொடுக்க இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம், கேஸ் சிலிண்டர் வந்ததிலிருந்து காதல் வரைக்கும் அதிலேயே நடத்துகிற ஜனங்கள் நாம். எடுத்தால்தான் காசு, அடித்தால் யாருக்கும் காசில்லை, எந்த பில்லிலும் வராது. நீ நன்றாக இருந்து பேச முடிந்தால் பேசப் போகிறாய், பேச முடியாமல் வெறும் மிஸ்டு கால் மட்டும் வந்தால் நீ இங்கே வர நினைக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். அதற்கு மேல் நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சபீனாவின் வீட்டுக்காரர் நல்ல பையன், அங்கே இந்த மாதிரி விஷயத்தில் பெண்களுக்கு உதவுகிற தமிழ் ஆட்கள் இருக்கிறார்களாம், விசாரித்து வைத்திருக்கிறார். டிக்கெட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாப்பிடப் போகக்கூட உன்னை விடவில்லை என்றால் அதுவே எனக்குப் பதில்தான், சபீனா எனக்குச் சொல்லிவிடுவாள்.

வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. உன் வாழ்க்கை, நீதான் முடிவு செய்ய வேண்டும், நான் அவசரப்பட்டு உன்னை இழுத்துக்கொண்டேன் என்று நாளைக்கு உனக்குத் தோன்றக்கூடாது. வரலாம் என்று மட்டும் சொல்கிறேன். ஊர் பேசும் என்று நினைக்காதே. பேசுகிறவர்களுக்கு நாலு நாளில் வேறு ஏதாவது கிடைத்துவிடும். உன் கட்டில் மேல் நான் அட்டைப்பெட்டியும் பழைய துணியும் அடுக்கி வைத்திருந்தேன், நேற்று எல்லாவற்றையும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் இனி அது காலியாகவே இருக்கும். அதுவரைக்கும் மாப்பிள்ளையிடம் முகத்துக்கு முகம் வாதாடாதே, அவர் கோபமாக இருக்கும்போது எதிர்த்துப் பேசி ஜெயிக்கப் பார்க்காதே, அந்தப் புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்தது. வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் கொஞ்ச நேரம் நில். அழுகை வந்தால் அழுதுவிடு, அடக்காதே. பக்கத்து வீட்டில் வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி இருப்பதாகச் சொன்னாயே, எதிரில் பார்த்தால் ஒரு வணக்கமாவது வைத்துப் பழகிக்கொள். நாளைக்கு ஒரு கதவைத் தட்ட வேண்டி வந்தால் முகம் தெரிந்த கதவாக இருக்கட்டும்.

அம்மன் உன் கூடவே இருக்கட்டும். நீ தைரியசாலியாக இரு, சுகமாக இரு, நீண்ட நாள் இரு, மனசு நிறைந்து சிரிக்கிற நாள் உனக்குச் சீக்கிரம் வரட்டும். மறக்காதே, இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளாதே, பையிலோ தலையணைக்கு அடியிலோ வைக்காதே, படித்து முடித்ததும் சபீனாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு, அவள் கிழித்துவிடுவாள். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பகலில் போன் உன் நைனாவிடம் இருக்கும், மற்ற நேரமெல்லாம் என் இடுப்பில் இருக்கும். அவர் ஒரு வரி எழுத வேண்டுமாம், பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைக் கேட்கிறார்.

இப்படிக்கு, உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா கன்னியம்மா

கண்ணு, நைனா எழுதறேன். ரிங்கு மட்டும் அடி, போதும். ஏன்னு கேக்க மாட்டேன்.